காது வைத்த பந்தயம்

கதவு சத்தம் போடவில்லை.

வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, கதவைத் திரும்பிச் சாத்திய பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. அந்த வாசல் கதவின் மேல் கீல் துருப்பிடித்தது. திறக்கும்போது யாரோ தொண்டையைக் கனைப்பதுபோல் ஆரம்பித்து, பாதி வழியில் கீச்சென்று ஏறி, சாத்தும்போது அதே ராகத்தில் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அதை வைத்துத்தான் அவன் போக்குவரத்தைத் தெரிந்துகொள்வார்கள். எண்ணெய் விட ஒரு நிமிஷம் ஆகாது. லிப்ட் மெக்கானிக் வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம்? ஆனால் விடக்கூடாது என்று மனைவி உத்தரவு போட்டிருந்தாள்.

"நீங்க வெளிய போனா எனக்குத் தெரியணும். தூக்கத்துலகூடத் தெரியணும்."

ஆன்லைன் சூதாட்டத்தை விட்டொழித்து, மறுவாழ்வு மையத்திலிருந்து அவன் வீடு திரும்பிய அன்று அவள் போட்ட நிபந்தனை அது. சம்பளம் அவள் கைக்கு வந்துவிட வேண்டும். அவனுடைய பழைய கைபேசி அவள் அண்ணன் வீட்டு அலமாரியில் பூட்டியிருக்கும். அவனுக்குப் பேச மட்டும் உதவும் ஒரு பட்டன் போன். இதில் எது பிசகினாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், அப்புறம் நீங்கள் மகள் முகத்தைப் பார்க்க முடியாது என்று நிதானமாகச் சொல்லியிருந்தாள். கோபத்தில் கத்தியிருந்தால் அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

அவன் கதவை மறுபடி திறந்தான். சாத்தினான். திறந்தான். கீலின் மேல் விரலை வைத்துக்கொண்டு மெல்ல ஆட்டினான். துரு பொடிப்பொடியாக விரலில் ஒட்டியது. எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லை. இரும்பு இரும்போடு உரசுவது தெரிந்தது, அந்த அதிர்வு மணிக்கட்டுவரை ஏறியது. காதுக்கு மட்டும் எதுவும் வந்து சேரவில்லை.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி.

"எண்ணெய் விட்டுட்டீங்க."

கேள்வியாகக்கூட கேட்கவில்லை. அவன் துரு ஒட்டிய விரலைக் காட்டினான். தொடவே இல்லை என்றான். அவள் அந்த விரலையும் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள்.

"அப்ப பேய் வந்து விட்டுட்டுப் போச்சா? எண்ணெய் விட்டவருக்கு அதைத் துடைக்கத் தெரியாதா?"

அன்றிரவு அவள் வாசல் கதவை ஒட்டிப் பாயைப் போட்டுப் படுத்தாள். உள்ளறையில் மகள் தூக்கத்தில் ஏதோ பேசிச் சிரித்தாள். முதல் வகுப்புப் படிக்கிறவள். பகலில் பேசியது போதாதென்று தூக்கத்திலும் பேசுவாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபடி அவன் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தான்.

வேலை செய்யும் இடத்தில் அவனுக்குப் பெயர் காது. லிப்ட் மோட்டாரை ஓடவிட்டு, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் கூட்டின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடுவான். உள்ளே எது தேய்ந்திருக்கிறது, எங்கே கிரீஸ் வறண்டிருக்கிறது என்று இரும்பு வழியாகவே கேட்டுச் சொல்வான். "பொண்டாட்டி சொல்றதைத் தவிர மத்ததெல்லாம் இவனுக்குக் கேக்கும்" என்று கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். ஒயர் என்று பட்டப்பெயர் வாங்கியவன் அவன். ஒல்லி, யாரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கிற வாய்.

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. மொட்டைமாடி மோட்டார் அறையில் சூடான கிரீஸ் வாடைக்கும் புறா எச்சத்தின் நெடிக்கும் நடுவே வேலையை முடித்துவிட்டு, ஓட்டத்தைச் சோதிக்க இருவரும் லிப்டிலேயே கீழே இறங்கினார்கள். பாதியில் டை கட்டிய ஓர் இளைஞன் ஏறினான். குனிந்த தலை நிமிரவில்லை. கைபேசித் திரையின் வெளிச்சம் அவன் கண்ணாடியில் நீலமும் மஞ்சளுமாக ஓடியது. மூன்று சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கிற ஆட்டம். காது அதைப் பார்க்கக்கூடாது என்று சுவரைப் பார்த்தான்.

இளைஞனின் விரல் ஒரு சீட்டைத் தொட்டது.

தொண்டையைக் கனைப்பதுபோல் ஆரம்பித்து, பாதி வழியில் கீச்சென்று ஏறி, அதே ராகத்தில் இறங்கிய ஒரு சத்தம் லிப்ட் முழுக்க நிரம்பியது.

காதுவின் முதுகில் ஈரத்துணியைப் போட்டதுபோல் இருந்தது. உலகத்தில் துருப்பிடித்த கீல் லட்சம் இருக்கும். ஆனால் அவன் வீட்டுக் கீலில் ஓர் ஆணி கழன்று, சத்தம் ஏறும் இடத்தில் ஒரு சின்ன விக்கல் விழும். அந்த விக்கலும் அதில் இருந்தது.

"அது என்ன சத்தம், சார்?"

"ஜெயிச்சா வர்ற சத்தம். புதுசா மாத்திருக்கான். நிஜமாவே எங்கயோ கதவு திறக்குற மாதிரி இல்ல?" இளைஞன் நிமிராமலே சிரித்தான். "ஆடுவீங்களா?"

"அவனை ஏன் சார் கேக்குறீங்க" என்றான் ஒயர். "ஆடி முடிச்சு, அடிபட்டு, ஆஸ்பத்திரிக்கே போய்ட்டு வந்த ஆளு."

லிப்ட் கீழே வந்து நின்றது. காது இறங்கவில்லை. அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

மையத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம் அது. கணக்கில் எதுவும் இல்லை, கடன் தர ஆள் இல்லை, குளியலறைக்குள் தாழ்போட்டு உட்கார்ந்து வெறும் திரையைத் தடவிக்கொண்டிருந்தான். அப்போது திரையில் ஒரு வரி வந்தது. பணம் இல்லையா? பரவாயில்லை. உங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தத்தை வைத்து ஆடுங்கள்.

அவன் சிரித்துவிட்டான். சத்தத்தை வாங்கி என்ன செய்வார்கள், விளம்பரத்துக்கு ஏதோ பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தான். எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து, கைபேசியைக் கீலுக்குப் பக்கத்தில் பிடித்தான். ஓர் ஆட்டம் கிடைத்தது. தோற்றான். பிறகு வசூலிப்போம் என்றது திரை; கதவு எப்போதும்போல் கத்தியது. குக்கர் விசிலைப் பிடித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பிடித்தான். மகளுடைய சைக்கிள் மணியைப் பிடித்தான். ஜெயித்தால் பணம் என்றது திரை; வைப்பதோ காசில்லாத சரக்கு. இதைவிட யோகம் உண்டா? வீடு முழுக்கப் பூனைபோல் நடந்து நடந்து பிடித்தான். கட்டைவிரல் வீங்கி வலித்தபோது, ஓரத்தில் இருந்த ஒரு பொத்தானை அமுக்கிவிட்டான். தானாக ஆடு.

அதை நிறுத்தினானா?

கைபேசியை மச்சான் பிடுங்கிக்கொண்டது ஞாபகம் இருந்தது. வண்டியில் ஏற்றியது ஞாபகம் இருந்தது. நிறுத்தியது ஞாபகம் இல்லை.

வீட்டில் கதவுக்கு அடுத்து குக்கர் ஊமையானது. நீராவி புஸ்ஸென்று மேலே பீறிட்டது, வெயிட் தலையைத் தலையை ஆட்டியது, சத்தம் இல்லை. அடிப்பிடித்துக் கருகிய வாடை கூடத்துக்கு வந்த பிறகுதான் மனைவி ஓடினாள். புது வெயிட் வாங்கிவந்தாள். அதுவும் வாயைத் திறக்கவில்லை. பிறகு கடிகாரம். முள் நகர்ந்தது, டிக் இல்லை. பிறகு குழாய்: வாளிக்குள் தண்ணீர் கண்ணாடிக் கயிறுபோல் இறங்கி, சத்தமே இல்லாமல் நிரம்பி வழிந்தது. மனைவி எல்லாவற்றுக்கும் பழுது என்று பெயர் வைத்தாள்; வீடு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்கடியில் இறங்குவதுபோல் இருந்தது அவனுக்கு.

வெளியேதான் கொடுமை. பஸ்ஸில் பின் இருக்கையிலிருந்து அவன் வீட்டுக் குக்கர் கூவியது. சலூனில் நாற்காலியில் சாய்ந்திருந்தவனின் சட்டைப்பையில் அவன் வீட்டுக் கடிகாரம் அடித்தது. ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நின்ற பெரியவரின் உள்ளங்கையில் மகளுடைய சைக்கிள் மணி கிணுகிணுத்தது. பெரியவர் யாருக்கும் தெரியாமல் கையை மூடிக்கொண்டு சந்தோஷமாகச் சிரித்தார். எல்லாரும் குனிந்திருந்தார்கள். அவன் வீடு ஊர் முழுக்கச் சில்லறையாகச் சிதறிக் கிடந்தது.

ஒரு சாயங்காலம் மகள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, மணி செத்துப்போச்சு" என்றாள். அவன் அவள் குரலைக் கேட்டான். குரல். அதையும்...

பிடித்திருந்தான். சத்தம் பிடித்து ஆடிய அன்று கடைசியாக, இருட்டில், அவள் கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு, தூக்கத்தில் பேசிய வாய்க்குப் பக்கத்தில் கைபேசியைப் பிடித்திருந்தான்.

அவன் சாப்பிடக்கூட உட்காராமல் மச்சான் வீட்டுக்கு ஓடினான். மச்சான் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர். பேச்சும் டைல்ஸ்போலத்தான், வழவழவென்று இருக்கும், விழுந்தால் வலிக்கும். கைபேசியை ஒரே நிமிஷம் கொடுங்கள், நீங்களே கையில் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒன்றை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் என்று கெஞ்சினான். மச்சான் வாசலை விட்டு நகரவில்லை.

"நிறுத்துறதுக்காகத் திறக்கணும். நல்லா இருக்கு, மாப்ள. எந்தக் குடிகாரனும் பாட்டிலை மூடத்தான் கையில எடுப்பான்."

"மச்சான், குழந்தை விஷயம்."

"குழந்தையை வச்சும் ஆரம்பிச்சாச்சா? அந்தச் சனியனை நான் அன்னைக்கே போன்லேர்ந்து அழிச்சுட்டேன். நிறுத்துறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. கிளம்புங்க."

அழித்தது கைபேசியிலிருந்துதான். கணக்கு அங்கேயே இருக்கும், ஆடிக்கொண்டிருக்கும் என்று அவன் விளக்க ஆரம்பித்தபோது கதவு சாத்தப்பட்டது. அவன் வீடு போய்ச் சேருமுன் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. மனைவி மகளுடைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். கீல், குக்கர், லிப்டில் ஏறிய இளைஞன், தானாக ஆடு. அவள் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் கண்ணில் கோபம் போய் வேறு ஒன்று வந்தது. தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு வருகிறவனைக் கண்டால் குழந்தையை இழுத்து ஒதுங்குவோமே, அந்தப் பார்வை.

"நாளைக்குக் காலையில மையத்துக்குப் போய் அந்த அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதுக்கப்புறம் முடிவு பண்றேன்."

மையத்தில் ஆலோசகர் அம்மாள் பொறுமையாகக் கேட்டார். பழக்கத்தை விட்ட ஆரம்பத்தில் ஆட்டத்தின் சத்தம் காதில் ஒலிப்பது பலருக்கும் உண்டு என்றார். ஆபத்து அந்தச் சத்தம் இல்லை. விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்று மனசு பேரம் பேசும் பாருங்கள், அதுதான் என்றார். மையத்து டாக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அவன் தலையாட்டினான். வெளியே வரும்போது நாற்காலியில் காத்திருந்த இன்னொருவனின் பையிலிருந்து அவன் வீட்டுக் குழாய் சொட்டியது.

மறுநாள் விடிந்ததும் மகள் ஓடிவந்து அவன் வயிற்றில் ஏறி உட்கார்ந்தாள். கனவு கண்டிருக்க வேண்டும். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, ஒரு பெரிய கதையைச் சொன்னாள். வாய் திறந்து திறந்து மூடியது. பற்களுக்கு நடுவே நாக்கு துள்ளியது. அவள் மூச்சின் சூடு அவன் முகத்தில் பட்டது.

சத்தம் இல்லை.

தனக்கே கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு அவள் கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, கண்ணீர் தெறித்தது. அறை கிணறுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது, அதிர்ச்சியாக இருக்கலாம், பெரிய டாக்டர் பார்க்கட்டும் என்றார்கள். அதிர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் மனைவி அவன் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை. வீடு வந்ததும் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்துவந்து மிச்சத் துணிகளை அடுக்கினாள். சாயங்காலம் பெரிய டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்து பணம் கட்ட அவளே போக வேண்டியிருந்தது, குழந்தை அழுது களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், மச்சான் வெளியூர். வேறு வழியில்லாமல்தான் அவனிடம் விட்டாள்.

"அவளை விட்டு நகரக்கூடாது. வந்ததும் நாங்க கிளம்பிடுவோம்."

அவள் போனதும் வீட்டில் மிச்சமிருந்தது ஒரே சத்தம், சீலிங் ஃபேனின் முனகல். அவன் அதைக் கேட்டபடி சோபாவில் உட்கார்ந்திருந்தான். ஜன்னலில் வெளிச்சம் மங்கி, மஞ்சள் திரைச்சீலை அழுக்குப் பிடித்ததுபோல் ஆயிற்று. அப்போது ஃபேனும் ஓய்ந்தது. நிமிர்ந்தான். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

இன்னும் ஆடுகிறது. அவனுக்காக. இந்த நிமிஷமும்.

மேஜையின் மேல் மகளுடைய டேப்லெட் இருந்தது, பள்ளிக்கூடப் பாடத்துக்காக வாங்கியது, பின்னால் முயல் ஸ்டிக்கர் ஒட்டியது. நிறுத்தத்தான் போகிறேன் என்று அவன் வாய்விட்டுச் சொன்னான். சொன்னது தன் காதுக்கு வந்ததில் ஒரு நிம்மதி. ஆட்டத்தை இறக்கினான். தன் போன் எண்ணைத் தட்டினான். சட்டைப்பையில் பட்டன் போன் சத்தமில்லாமல் துடித்தது. வந்த ரகசிய எண்ணைப் பார்த்துத் தட்டினான்.

வாங்க, காது. நீங்க இல்லாத நேரத்துல உங்களுக்காக நாங்களே ஆடிக்கிட்டு இருந்தோம்.

மூன்று சீட்டுகள் தாமாகக் கவிழ்ந்தன, புரண்டன, கவிழ்ந்தன. ஓரத்தில் அந்தப் பொத்தான் பச்சையாக எரிந்தது. அமுக்கினான். அணைந்தது. சீட்டுகள் நின்றன.

முடிந்தது. அவ்வளவு சுலபம். அவன் கண் கலங்கிவிட்டது. டேப்லெட்டை மூடப் போனான். அப்போதுதான் கீழே வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டங்கள் தெரிந்தன. கதவு. குக்கர். கடிகாரம். மணி. குழாய். ஃபேன். கடைசியில் இருந்த கட்டத்தில், மகள்.

திரும்ப எடுக்க ஓர் ஆட்டம் போதும். எதிரே தெரியும் எதையாவது வையுங்கள் என்றது திரை.

நிறுத்தியதால் போனது வராது. அவள் இனி ஊமை. அவன் நிமிர்ந்தான். எதிரே தெரிந்தது திரைச்சீலை. அதன் மஞ்சள். மஞ்சள் போனால் யாருக்கு என்ன? டேப்லெட்டின் கேமராவை ஜன்னல் பக்கம் காட்டினான். நடுச் சீட்டைத் தொட்டான்.

ஜெயித்தான்.

"அப்பா."

அறை வாசலில் அவள் நின்றாள், கண்ணைக் கசக்கிக்கொண்டு. அவன் ஓடிப்போய் அவளைத் தூக்கி, தட்டாமாலை சுற்றி, இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்றான். அப்பா அப்பா அப்பா என்று அவள் கத்தினாள், சிரித்தாள், அம்மா எங்கே என்றாள், பசிக்குது என்றாள், என் டேப்ல என்ன பண்றீங்க என்றாள். இவ்வளவு இனிமையான இரைச்சலை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. அவன் உடம்பெல்லாம் பழைய சூடு ஓடியது. அந்தச் சூடு எதனால் வந்தது என்று அவனுக்குத் தெரியும். பாதி அவளால். பாதி, ஜெயித்ததால்.

அவளை இறக்கிவிட்டான். டேப்லெட் சோபாவில் விழித்துக்கொண்டிருந்தது.

கதவை மட்டும் எடுத்துவிட்டால்? கீல் மறுபடி கத்தினால் அவன் பொய் சொல்லவில்லை என்று மனைவிக்குத் தெரியும். பெட்டியைப் பிரித்துவிடுவாள். கை வேறு இன்று கூடி வந்திருக்கிறது. ஒன்றே ஒன்று.

"பசிக்குதுப்பா."

"இருடா குட்டி. ஒரே நிமிஷம்."

மஞ்சளை வைத்தான். தோற்றான். திரைச்சீலை வெளுத்தது, வெள்ளையாகக்கூட இல்லை, நிறமென்று எதுவும் இல்லாத ஒன்றாகத் தொங்கியது. மஞ்சளைத் திரும்ப எடுக்கச் சுவரின் நீலத்தை வைத்தான். போயிற்று. நீலத்துக்காக விளக்கின் வெளிச்சத்தை வைத்தான். விளக்கு எரிந்தது, வெளிச்சம் இல்லை. அறையில் திரையின் ஒளி மட்டும்.

"அப்பா, பயமா இருக்கு. லைட் போடுங்க."

"இருடா."

எதிரே வைக்க வேறு எதுவும் தெரியவில்லை. இருட்டு.

திரையில் ஒரு வரி வந்தது. உங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார்.

அவன் கை தானாகத் திரும்பியது. கேமராவின் சின்ன வெள்ளை விளக்கு அவள்மேல் விழுந்தது. படம் எடுக்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

நிழலை மட்டும். வெறும் நிழல்.

போயிற்று.

அவள் தலைமுடியின் வாசனை. எண்ணெயும் வெயிலும் கலந்த வாசனை. போயிற்று. ஒரே ஆட்டத்தில் எல்லாம் திரும்பும் என்றது திரை. அவளுடைய குரலை வை. இப்போதுதானே ஜெயித்தாய், வரும் என்றது மனசு.

"அப்பா, போது..."

வாய் மட்டும் அசைந்தது.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இப்படியே நின்றுவிடும். இப்போது நிறுத்த முடியாது. இப்போது எப்படி நிறுத்துவது? அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உதறினான். கேமரா வெளிச்சத்தில் அவள் முகம். இரண்டு கண். முன்பல் விழுந்த இடம். கடைசியாக ஒரு தடவை. இடதுபக்கச் சீட்டு.

தொட்டான்.

வெளிச்சம் விழுந்த இடத்தில் சுவர் மட்டும் தெரிந்தது.

"குட்டி?"

பதில் வராது. வராது என்று அவனே செய்திருந்தான். டேப்லெட்டை நாலா பக்கமும் திருப்பினான். சோபா. மேஜை. திறந்த பெட்டி. யாரும் இல்லை.

பிறகு சோபாவின் ஓரம் அமுங்கியது.

ஏதோ ஒன்று ஊர்ந்து வந்தது. முழங்கால் ஒன்று அவன் தொடையில் அழுந்தியது. மடியில் ஏறியது. சின்ன பாரம். சூடு. நெஞ்சோடு ஒரு தலை சாய்ந்தது. கண்ணீராக இருக்க வேண்டும், சட்டை நனைந்தது. சட்டைப் பட்டன் ஒன்று தானாக முன்னால் இழுபட்டது. விரல்கள் பிடித்திருந்தன. இறுக்கமாக.

இருக்கிறாள். இன்னும் இருக்கிறாள்.

வைக்க இன்னும் இருக்கிறது என்றது திரை.

எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். குரல், முகம், நிழல், எல்லாம். ஒரு நல்ல சீட்டு போதும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டான்.

மடி சில்லென்று ஆயிற்று.

பாரம் அப்படியேதான் இருந்தது. குளிர்ந்த பாரம். பட்டனை விடவில்லை.

வாசலில் மனைவி வந்து நின்றாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, தோளில் பை. அந்த இருட்டில் அவள் பார்த்தது என்ன? கீழிருந்து நீலமாக ஒளிரும் அவன் முகம். மடியில் ஒன்றும் இல்லை. அவள் உள்ளறைக்கு ஓடினாள். வந்தாள். குளியலறைக்கு ஓடினாள். வந்தாள். அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"குழந்தை எங்க? ஏங்க, குழந்தை எங்க?"

அவன் நிமிரவில்லை.

"இரு" என்றான். "இங்கதான் இருக்கா. எடுத்துடுவேன்."

திரையில் மூன்று சீட்டுகள். மேலே வைத்த பொருளின் பெயர். எடை.

கட்டைவிரல் இறங்கியது.

மடியில் இருந்தது கொஞ்சம் லேசாயிற்று. பட்டன் இழுபட்டபடியே இருந்தது.

மறுபடி தொட்டான். இன்னும் லேசாக. பூனைக்குட்டிபோல. துணிபோல.

பட்டன் முழு பலத்தோடு இழுபட்டது. நூல் நீண்டது. பிறகு கொஞ்சம் மெதுவாக இழுபட்டது.

பிறகு, இன்னும் மெதுவாக.